மழையில் கலைந்த வரிசை: லிங்க்ட் லிஸ்ட் எழுதப் பழகுவோம்

2022இல் மண்ணெண்ணெய்க்கு இலங்கை முழுதும் வரிசையில் நின்றபோது, எங்கள் டவுனில் ஆட்களை விடக் கேன்கள்தான் அதிகம் நின்றன. விடியற்காலை நாலு மணிக்கே பெற்றோல் செட் வாசலிலிருந்து ரோட்டு வளைவு வரைக்கும் நீலம், மஞ்சள், வெள்ளை என்று கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். உரியவர்கள் கடைத் திண்ணைகளில் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார்கள். முன்னால் ஒரு கேன் நகர்ந்தால், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து வந்து தங்கள் கேனை ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு கேனைச் செருகிவிட்டால் (செருகுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள்) பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் அடி பின்னுக்குப் போகும். அப்புறம் சண்டைதான்.

ஒருநாள் மழை கொட்டியது. அட்டன் பக்கத்து ஆனி, ஆடி மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் கேனைத் தூக்கிக்கொண்டு பேக்கரி, பஸ் ஸ்டாண்ட், கோவில் மண்டபம் என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். வரிசை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது முன்னால் நின்ற ஓர் அக்கா, மலையில் கூப்பிட்டுப் பழகிய குரலில் சத்தம் போட்டார்: "எல்லாரும் ஒங்களுக்கு அடுத்த ஆள் யாருன்னு மட்டும் பார்த்து வச்சுக்கங்க. ஒங்களுக்கு ஊத்தி முடிஞ்சதும் அவங்களப் போய்க் கூப்பிட்டு விடுங்க. மொத ஆள் யாருன்னு நான் பார்த்துக்கிறேன்."

அந்த அக்காவுக்குக் கணினி நிரல் பற்றி ஏதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் லிங்க்ட் லிஸ்ட் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், இன்றும் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். யார் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் உண்டு: தன் கேன், தனக்கு அடுத்தவர் யார் என்ற தகவல். முதல் ஆள் யார் என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார். கடைசி ஆளுக்கு அடுத்தவர் கிடையாது. ஆட்கள் டவுன் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் வரிசை உயிரோடு இருக்கிறது.

மழைக்கு முன்னால் இருந்த கேன் வரிசையும் ஒரு தரவு அமைப்புத்தான். அதற்கு அரே என்று பெயர். அதை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு லயனைப் பாருங்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. பத்துக் காம்பிரா (அறை) லயன், ஒவ்வொன்றும் 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் காம்பிராவை 0 என்று எண்ணத் தொடங்கினால், 7ஆம் எண் காம்பிரா லயன் தொடக்கத்திலிருந்து 7 × 10 = 70 அடியில் இருக்கும். நடுவில் எந்தக் கதவையும் தட்டிக் கேட்க வேண்டாம், ஒரு பெருக்கல் போதும். அரேயின் பலமே இதுதான். ஆனால் மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மூன்றாம் காம்பிராவுக்கும் நாலாம் காம்பிராவுக்கும் நடுவில் இன்னொன்று வேண்டும் என்றால் முடியுமா? குசினியைத் தடுத்துப் படுக்க வேண்டியதுதான். எங்கள் லயன்களில் நடந்ததும் அதுதான். அரேயில் நடுவில் ஒன்றைச் செருக, பின்னால் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். இடம் தீர்ந்துவிட்டால் வேறு இடத்தில் பெரிய லயனாகக் கட்டி எல்லோரையும் குடிபெயர்க்க வேண்டும்.

லிங்க்ட் லிஸ்ட்டுக்கு ரயில் பெட்டிகளை உதாரணம் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ரயில் பெட்டிகள் ஒட்டிக்கொண்டே நிற்கும். பார்த்தவுடன் அடுத்தடுத்து இருப்பதுதான் வரிசை என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். லிங்க்ட் லிஸ்ட்டின் உயிரே அடுத்தடுத்து இருக்கத் தேவையில்லை என்பதில்தான்.

இந்த யோசனை பழையது. 1955-56 காலப்பகுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் ஐ.பி.எல். என்ற நிரல் மொழிக்காக இதை உருவாக்கினார்கள். பொருள் சார்ந்த நிரலாக்கம் (தரவையும் அதன் செயல்களையும் ஒரே பொருளாகக் கட்டி எழுதும் முறை) வந்தது அதற்குப் பிறகு. நோர்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 என்ற மொழியைச் செய்தார்கள். நிஜ உலகத்து நடப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. வரிசையில் நிற்பவர்களைக் கணினிக்குள் நிறுத்தத் தேவைப்பட்டதால், லிங்க்ட் லிஸ்ட்டுக்கான வகுப்புகள் (பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சுகள்) அந்த மொழியோடேயே வந்தன. ஆகவே பெற்றோல் செட் வரிசையை வைத்து இதை விளக்குவது அப்படியொன்றும் வலிந்து செய்வதில்லை.

சரி, எழுதத் தொடங்குவோம். நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தான் பழக்கம் என்பதால் அதே சாயலில் எழுதுகிறேன். 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து வகுப்புக்கும் மாறிக்கும் (மதிப்பை வைத்திருக்கும் இடம்) தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இங்கே புரிதலுக்காக அவற்றையும் தமிழாக்கியிருக்கிறேன்: 'தான்' என்பது செல்ஃப் (அந்தப் பொருளையே குறிப்பது), 'வெறுமை' என்பது நன், 'என்றால்' என்பது இஃப், 'எனும்வரை' என்பது வைல், 'விடை' என்பது ரிட்டர்ன். ஜாவா படிப்பவர்களுக்கும் தர்க்கம் இதேதான்.

முதலில் வரிசையில் நிற்கும் ஓர் ஆள். ஆங்கிலத்தில் நோட் என்பார்கள், தமிழில் கணு. மூங்கிலிலும் கரும்பிலும் இருக்கிற அதே கணு.

வகுப்பு கணு:
    தொடக்கம்(தான், மதிப்பு):
        தான்.மதிப்பு = மதிப்பு
        தான்.அடுத்து = வெறுமை

பிறந்தவுடன் ஒரு கணுவுக்கு அடுத்தவர் கிடையாது, தனியாள். இங்கேதான் முதல் குழப்பம் வரும். "கணுவுக்குள்ளேயே இன்னொரு கணு இருக்கிறதே, அதற்குள் இன்னொன்று, இது எங்கே போய் முடியும்?" என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. 'அடுத்து' என்பதற்குள் இன்னோர் ஆள் இல்லை. அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்ற முகவரிதான் இருக்கிறது. பேக்கரியில் ஒதுங்கிய அண்ணன், கோவில் மண்டபத்தில் இருக்கும் பாட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டா நிற்கிறார்? பாட்டி அங்கே இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த முகவரியை ரெஃபரன்ஸ் என்கிறோம். கணினி நினைவகத்தில் கிடக்கும் ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் சொந்த முகவரி உண்டு. தோட்டத்து வீடுகளுக்குத்தான் அது நெடுங்காலம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. அது வேறு கதை.

இதைக் கையால் சோதித்துப் பாருங்கள்:

அ = கணு("நீலம்")
ஆ = அ
ஆ.மதிப்பு = "பச்சை"
அச்சிடு(அ.மதிப்பு)

என்ன அச்சாகும்? 'பச்சை'தான். 'ஆ = அ' என்று எழுதியதால் இன்னொரு கணு உருவாகவில்லை. ஒரே ஆளின் முகவரி இரண்டு துண்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது. இது ஒன்று மனதில் ஏறிவிட்டால் லிங்க்ட் லிஸ்ட்டில் பாதி முடிந்தது. ஏறாவிட்டால் மீதி எதுவும் நிற்காது. அவசரப்படாமல் இங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்தது, முதல் ஆளை நினைவில் வைத்திருந்த அந்த அக்கா. அவருக்கும் ஒரு வகுப்பு வேண்டும்.

வகுப்பு வரிசை:
    தொடக்கம்(தான்):
        தான்.தலை = வெறுமை

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குத் தெரியும்: தலை யார். மற்றவர்களை அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இதற்கு எதற்குத் தனி வகுப்பு, தலையை ஒரு சாதாரண மாறியில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் முதல் ஆள் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனதும் தலை மாறுகிறது. நிரலில் பத்து இடத்தில் தலையின் முகவரியை எழுதி வைத்திருந்தால் பத்து இடத்திலும் மாற்ற வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனாலும் வீட்டுக்குப் போய்விட்ட ஆளைத்தான் அது இன்னும் முதல் ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கும். எல்லோரும் அக்காவிடமே கேட்க வேண்டும் என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெளியிலிருந்து யாரும் தலையைத் தொடக் கூடாது, சேர்ப்பது நீக்குவதெல்லாம் வரிசை வகுப்பின் செயல்கள் வழியாகத்தான் என்று வைப்பதை உறைபொதியாக்கம் என்பார்கள். பெயர்தான் பயமுறுத்தும். ஜாவாவில் தலையைப் பிரைவேட் என்று அறிவித்து இதைக் கட்டாயமாக்கலாம். பைத்தானில் அப்படிக் கட்டாயமில்லை. பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டு, "கை வைக்காதீர்கள்" என்று மரியாதையாகச் சொல்வதோடு சரி.

முன்னால் ஒருவரைச் சேர்ப்பதுதான் செயல்களிலேயே மிகச் சுலபம். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயை முன்னால் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

    செயல் முன்னால்_சேர்(தான், மதிப்பு):
        புதிது = கணு(மதிப்பு)
        புதிது.அடுத்து = தான்.தலை
        தான்.தலை = புதிது

புதியவர் வந்தார். இதுவரை முதலில் இருந்தவரைத் தனக்கு அடுத்தவராகக் குறித்துக்கொண்டார். பிறகு அக்கா, "இனிமேல் இவர்தான் முதல் ஆள்" என்று மாற்றிக்கொண்டார். வரிசையில் நாலு பேர் இருந்தாலும் நாலாயிரம் பேர் இருந்தாலும் வேலை இவ்வளவே. ஒருவரும் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசி இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? நான் முதன்முதலில் எழுதியபோது அப்படித்தான் எழுதினேன். திரையில் 'மஞ்சள் மஞ்சள் மஞ்சள் மஞ்சள்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. நான் புதிதாகச் சேர்த்தது ஒரு மஞ்சள் கேன்காரரை. நடந்தது இதுதான்: முதலில் 'தான்.தலை = புதிது' என்று ஓடியதும் தலை மஞ்சள் கேன்காரர் ஆகிவிட்டது. அடுத்த வரி 'புதிது.அடுத்து = தான்.தலை'. இப்போது தலை யார்? அதே மஞ்சள். ஆக, மஞ்சளுக்கு அடுத்தவர் மஞ்சளே. தனக்குப் பின்னால் தானே நிற்கிறார். பழைய முதல் ஆளின் முகவரி அக்காவிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. மொத்த வரிசையும் கைவிட்டுப் போயிற்று. ஒரு முகவரியை அழித்து எழுதுவதற்கு முன்னால், அந்தப் பழைய முகவரி வேறு எங்காவது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லிங்க்ட் லிஸ்ட்டில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவனக்குறைவால்தான் வருகின்றன.

தெமோதரையில் ரயில் பாதை வளைந்து வந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகும். அங்கே முதல் தடவை போகிறவர்கள் வந்த இடத்துக்கே வந்துவிட்டோமோ என்று மலைப்பார்கள். ஆனால் பாதை வேறு மட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது, ரயில் பதுளை போய்ச் சேர்ந்துவிடும். நான் உருவாக்கியது அப்படிப்பட்ட வளையமில்லை, நிஜ வளையம். இப்படி ஒரு வரிசைக்குள் வளையம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ராபர்ட் ஃப்ளாய்டின் பெயரால் வழங்கும் ஒரு வழி இருக்கிறது. தலையிலிருந்து இரண்டு பேரை நடக்க விடுங்கள். ஒருவர் ஒவ்வொரு கணுவாக, மற்றவர் இரண்டிரண்டாக. முடிவு இருக்கிற வரிசை என்றால் வேகமானவர் முடிவைத் தொட்டுவிடுவார். வளையம் என்றால் சுற்றி வந்து மெதுவானவரை எங்கேயாவது பிடித்துவிடுவார்.

வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, தலையில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு அடுத்தவர் யார்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

    செயல் காட்டு(தான்):
        இப்போது = தான்.தலை
        இப்போது != வெறுமை எனும்வரை:
            அச்சிடு(இப்போது.மதிப்பு)
            இப்போது = இப்போது.அடுத்து

'இப்போது' என்று தனியாக ஒரு மாறி எதற்கு? தலையையே நகர்த்திக்கொண்டு போனால் ஒரு முறை ஒழுங்காக அச்சாகும். முடிவில் தலை வெறுமையில் போய் நிற்கும். இரண்டாம் முறை காட்டச் சொன்னால் வரிசையில் ஒருவருமில்லை! அக்கா தன் இடத்தில் இருக்க வேண்டும். விசாரிக்கப் போவதற்கு ஒரு பையனை அனுப்ப வேண்டும். 'இப்போது' என்பது அந்தப் பையன்.

எத்தனை பேர் என்று எண்ணுவதும், குறிப்பிட்ட ஒருவர் இருக்கிறாரா என்று தேடுவதும் இதே நடைதான். அச்சிடும் வரிக்குப் பதில் எண்ணிக்கையைக் கூட்டினால் முதலாவது, மதிப்பை ஒப்பிட்டால் இரண்டாவது. நீங்களே எழுதிப் பாருங்கள்.

கடைசியில் சேர்ப்பதற்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

    செயல் பின்னால்_சேர்(தான், மதிப்பு):
        புதிது = கணு(மதிப்பு)
        தான்.தலை == வெறுமை என்றால்:
            தான்.தலை = புதிது
        இல்லாவிட்டால்:
            இப்போது = தான்.தலை
            இப்போது.அடுத்து != வெறுமை எனும்வரை:
                இப்போது = இப்போது.அடுத்து
            இப்போது.அடுத்து = புதிது

'காட்டு' செயலில் 'இப்போது' வெறுமை ஆகும்வரை நடந்தோம். இங்கே 'இப்போது.அடுத்து' வெறுமை ஆகும்வரை. ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் கவனியுங்கள். கடைசி ஆளைத் தாண்டிப் போய்விட்டால் பிறகு யாரிடம் "இவர் உங்களுக்கு அடுத்தவர்" என்று சொல்வது? கடைசி ஆளிடமே நின்றுவிட வேண்டும். காலி வரிசையைத் தனியாகப் பார்ப்பதும் அதனால்தான். ஆளே இல்லாத இடத்தில் 'அடுத்து' என்று கேட்டால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஜாவாக்காரர்கள் இந்தப் பிழையைக் காணாத நாளே இருக்காது. இந்த வெறுமை முகவரியை 1965இல் அல்கால் டபிள்யூ என்ற மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர். பல வருடம் கழித்து, 2009இல், அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொல்லிக்கொண்டார்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசியில்தான் சேர்கிறார்கள் என்றால் ஒவ்வொரு தடவையும் முழு வரிசையையும் நடப்பது வீண். அக்காவிடம் தலையோடு 'வால்' என்று இன்னொரு முகவரியையும் கொடுத்து வைத்துவிடலாம். அப்போது பின்னால் சேர்ப்பதும் நடையில்லாமல் முடியும். ஆனால் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் வாலையும் சரிபார்க்க வேண்டும். மறந்தால் அது ஒரு புதுத் தலைவலி.

நடுவில் செருகுவதற்குத் தனி நிரல் தரப்போவதில்லை. யாருக்குப் பின்னால் என்று நடந்து கண்டுபிடித்துவிட்டால், 'புதிது.அடுத்து = இப்போது.அடுத்து', பிறகு 'இப்போது.அடுத்து = புதிது'. முன்னால் சேர்த்த அதே இரண்டு வரிகள்தான், தலையின் இடத்தில் 'இப்போது.அடுத்து' வந்திருக்கிறது. வரிமுறையை மாற்றிப் போட்டால் அதே மஞ்சள் கூத்து இங்கேயும் நடக்கும்.

இனி நீக்குவது. அன்றைக்கு வரிசை சிக்கலானதும் இங்கேதான். வெள்ளைக் கேன் வைத்திருந்த ஒரு தாத்தா, தோட்டத்துக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருக்கு முன்னால் இருந்த பச்சைக் குடை அக்கா எண்ணெய் ஊற்றி முடித்து, தாத்தாவைத் தேடி டவுன் முழுக்க அலைந்தார். தாத்தாவுக்கு அடுத்தவர் யார் என்று தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். தங்களை யார் கூப்பிடுவார் என்று அவர்களில் முதல் ஆளுக்குத் தெரியாது. வரிசை அந்த இடத்தில் அறுந்துவிட்டது.

தாத்தா என்ன செய்திருக்க வேண்டும்? "எனக்கு அடுத்தவர் இன்னார், எனக்குப் பதிலாக அவரைக் கூப்பிடுங்கள்" என்று தனக்கு முன்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தனக்கு அடுத்தவர் யார் என்றுதான் தாத்தாவுக்குத் தெரியுமே தவிர, முன்னால் இருப்பவர் யார் என்று தெரியாது. அக்கா சொன்ன விதியில் அது இல்லை. தலையிலிருந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தால்தான் தாத்தாவுக்கு முந்தியவரைக் கண்டுபிடிக்க முடியும். நீக்கும் செயலில் இரண்டு பேர் நடப்பது இதற்காகத்தான்.

    செயல் நீக்கு(தான், மதிப்பு):
        முந்தையது = வெறுமை
        இப்போது = தான்.தலை
        இப்போது != வெறுமை எனும்வரை:
            இப்போது.மதிப்பு == மதிப்பு என்றால்:
                முந்தையது == வெறுமை என்றால்:
                    தான்.தலை = இப்போது.அடுத்து
                இல்லாவிட்டால்:
                    முந்தையது.அடுத்து = இப்போது.அடுத்து
                விடை மெய்
            முந்தையது = இப்போது
            இப்போது = இப்போது.அடுத்து
        விடை பொய்

'இப்போது' ஒரு எட்டு முன்னால் போக, 'முந்தையது' அதன் நிழல் மாதிரி ஒரு எட்டுப் பின்னால் வருகிறது. நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பு என்று நாலு பேர். வெள்ளையை நீக்க வேண்டும். தொடக்கத்தில் இப்போது நீலம், முந்தையது வெறுமை. நீலம் இல்லை, ஆகவே முந்தையது நீலம், இப்போது பச்சை. பச்சையும் இல்லை, முந்தையது பச்சை, இப்போது வெள்ளை. கிடைத்துவிட்டது. பச்சையின் 'அடுத்து' என்ற இடத்தில் இதுவரை வெள்ளையின் முகவரி இருந்தது, இனி சிவப்பின் முகவரி. வெள்ளையை நாம் தொடவே இல்லை. அவரைக் கூப்பிடுவதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

முதல் ஆளையே நீக்க வேண்டி வந்தால் முந்தையது வெறுமையாகவே இருக்கும். அப்போது முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டியவர் அக்கா. தேடியவர் வரிசையிலேயே இல்லையென்றால் பொய் என்று விடை வரும். இரண்டு பேர் வெள்ளைக் கேன் வைத்திருந்தால் முதலில் அகப்படுகிறவர்தான் போவார்.

கழற்றிவிட்ட கணு என்ன ஆகும்? ஜாவாவும் பைத்தானும் அதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. யாரும் முகவரி வைத்திராத பொருளை, இனி யாராலும் அடைய முடியாது என்பதால், நினைவகத்திலிருந்து துடைத்துவிடும். குப்பை சேகரிப்பு என்று அதற்குப் பெயர். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் சாதாரணச் சுட்டிகளை (முகவரி வைத்திருக்கும் மாறிகளை) வைத்து எழுதினால் நீங்களேதான் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் அதன் 'அடுத்து' முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

தாத்தாவுக்கு முன்னால் இருப்பவரையும் தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கணுவில் 'முன்' என்று இன்னொரு முகவரியையும் வைத்துவிட்டால் அது இரட்டை லிங்க்ட் லிஸ்ட். போகிறவர் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போகலாம், தலையிலிருந்து விசாரித்து வர வேண்டியதில்லை. ஜாவாவோடு வரும் லிங்க்ட்லிஸ்ட் வகுப்பு இந்த இரட்டை வகைதான். பிரவுசரில் முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்று போய் வருகிறோமே, அதை எழுதவும் இது வசதி. விலையும் உண்டு: ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு முகவரி கூடுதல், ஒவ்வொரு செயலிலும் திருத்த வேண்டிய இடம் ஏறக்குறைய இரட்டிப்பு.

ஒற்றை வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வது நேர்முகத் தேர்வுக்காரர்களுக்கு மிகப் பிடித்த கேள்வி. கடைசி ஆள் முதல் ஆளாக வேண்டும், புதுக் கணு எதுவும் உருவாக்கக் கூடாது. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கும் பெயரை மட்டும் மாற்றுவோம்.

    செயல் தலைகீழாக்கு(தான்):
        முந்தையது = வெறுமை
        இப்போது = தான்.தலை
        இப்போது != வெறுமை எனும்வரை:
            பிறகு = இப்போது.அடுத்து
            இப்போது.அடுத்து = முந்தையது
            முந்தையது = இப்போது
            இப்போது = பிறகு
        தான்.தலை = முந்தையது

உள்ளே இருக்கும் நாலு வரியில் முதல் வரியைப் பாருங்கள். முகவரியை அழிப்பதற்கு முன்னால் 'பிறகு' என்பதில் எடுத்து வைக்கிறோம். என் மஞ்சள் கேன் பிழையில் இல்லாமல் போனது இதுதான். கையில் பேனாவும் தாளும் எடுத்து, மூன்று கட்டம் போட்டு, அம்புக்குறிகளை ஒவ்வொரு வரியாக அழித்து அழித்து வரையுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இதைப் புரிந்துகொண்டவர் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு உண்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் வேலைக்கு எழுதும் நிரல்களில் லிங்க்ட் லிஸ்ட்டைக் கையால் எழுத வேண்டி வந்தது மிக அபூர்வம். பைத்தானில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் லிஸ்ட், பெயரில்தான் லிஸ்ட். உள்ளே அது வளரக்கூடிய அரே, லயன் வகை. நூறாவது ஆள் யார் என்று அடிக்கடி கேட்க வேண்டிய வேலை என்றால் லிங்க்ட் லிஸ்ட் பக்கமே போகாதீர்கள். தலையிலிருந்து தொண்ணூற்றொன்பது பேரை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். அதோடு இன்றைய புரொசசர்கள் நினைவகத்தில் ஒன்றைப் படிக்கும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வருகின்றன. லயனில் ஒரு கதவைத் தட்டினால் பக்கத்துக் காம்பிராக்காரரும் எட்டிப் பார்ப்பது போல. சிதறிக் கிடக்கும் கணுக்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எண்ணிக்கை சின்னதாக இருந்தால், நடுவில் செருகுகிற வேலையில்கூட அரே முந்திவிடுவதுண்டு. ஆனால் முன்னாலும் பின்னாலும் ஓயாமல் சேர்த்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருக்கிற வேலைக்குப் பைத்தானில் டெக் என்று ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே இரட்டை லிங்க்ட் லிஸ்ட்தான், ஒரு கணுவுக்கு ஒரு மதிப்பு என்றில்லாமல் பல மதிப்புகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கும்.

எழுதியதைச் சோதிக்கும்போது நாலைந்து பேர் உள்ள நல்ல வரிசையை மட்டும் கொடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒருவருமில்லாத வரிசையிலிருந்து நீக்கிப் பாருங்கள். ஒரே ஒருவர் இருக்கும் வரிசையிலிருந்து அவரையே நீக்கிவிட்டு, உடனே பின்னால் ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். வால் வைத்து எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டும்: தலை வெறுமையாகியிருக்கும், வால் மட்டும் வீட்டுக்குப் போய்விட்ட அந்த ஆளையே காட்டிக்கொண்டிருக்கும்.